'இட் குட் பி ஆர்கியூட் தட்…' என்று தொடங்கலாமா? மட்டக்களப்பு எழுத்து வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

மட்டக்களப்பில் வார இறுதி நாட்களில் ஆங்கில எழுத்துக்கென்று ஒரு சிறிய வகுப்பு எடுக்கிறேன். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கம்பஸ் படிக்கிற பிள்ளைகள், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறவர்கள், தொண்டு நிறுவனங்களில் அறிக்கை எழுதிக் களைத்தவர்கள் என்று கலந்து வருவார்கள். ஆட்கள் வேறு வேறு. தாளைத் திறந்தால் தொடக்கம் மட்டும் ஒன்று: 'இட் குட் பி ஆர்கியூட் தட்…'. 'இப்படியும் வாதிடலாம்' என்பது அதன் பொருள். நான் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன், உடனே கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். ஆங்கிலத் தொடர்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

முதலில் ஒன்று சொல்லுங்கள் சேர், இந்தத் தொடர் பிழையா?

பிழை இல்லை. இலக்கணமும் சரி, நல்ல ஆங்கிலம் எழுதுகிறவர்களும் இதை எழுதுகிறார்கள். நான் வட்டம் போடுவது அதற்குப் பின்னால் ஒன்றும் வராமல் இருக்கிறபோதுதான்.

இப்படித் தயங்கிச் சொல்லும் தொடர்களுக்கு ஏதும் பெயர் இருக்கிறதா?

இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஹெட்ஜ்' என்பார்கள். நேர்ப்பொருள் உயிர்வேலி. நம் ஊரில் கதியால் நட்டு வளர்க்கிற வேலி மாதிரி. மொழியியலில் இந்தச் சொல்லைப் பரவலாக்கியவர் ஜார்ஜ் லேகாஃப். 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில், 'ஸோர்ட் ஒஃப்' (ஒரு மாதிரி) போன்ற சொற்கள் ஒரு கூற்றை எவ்வளவு தூரம் உண்மையாக்குகின்றன, எங்கே மங்கலாக்குகின்றன என்று ஆராய்ந்தார். அதற்குப் பிறகு ஆய்வுக் கட்டுரைகளில் இதை அதிகம் ஆராய்ந்தவர் கென் ஹைலண்ட்.

வேலி என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். வளவைச் சுற்றி வேலி போடுவது எது வரைக்கும் நம்முடையது என்று காட்டத்தான். 'இவ்வளவுக்குத்தான் என்னிடம் ஆதாரம் இருக்கிறது, அதற்கு அப்பால் நான் பொறுப்பில்லை' என்று எழுத்தில் சொல்வதும் அதே வேலைதான். ஆனால் சிலர் வீடே தெரியாத அளவுக்கு வேலியை உயர்த்திவிடுகிறார்கள்.

'என்று கூறப்படுகிறது' என்பது தமிழில் மரியாதையான நடைதானே? அதையே ஆங்கிலத்தில் போட்டால் என்ன?

நம் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழில் 'என்ப', 'என்பர்' என்று முடித்தால் வாக்கியத்துக்குப் பலம் கூடும். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து என்று சொல்லப்படுபவை அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று சொல்லிவிட்டு 'என்ப' என்று வரும். எழுத்து முப்பதா முப்பத்தொன்றா என்று தொல்காப்பியருக்கு என்ன சந்தேகமா? எண்ணிப் பார்த்தால் தெரிகிற விஷயம். 'எனக்கு முன்னால் வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்' என்று தன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டத்தையே நிறுத்திக்கொள்கிறார். 'என்மனார் புலவர்' என்று அவர் அடிக்கடி சொல்வதும் அதே கணக்குத்தான். நம் பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வருகிற 'சான்றோர் கூறுவர்' இந்தப் பரம்பரையில் வந்த பேரப்பிள்ளை.

இந்தப் பழக்கத்தோடு போய் 'இட் இஸ் செட் தட்' என்று எழுதுகிறோம். நமக்குப் பின்னால் புலவர் கூட்டம் நிற்பதாக நமக்கு நினைப்பு. ஆங்கிலத்தில் வாசிக்கிற விரிவுரையாளருக்கோ அங்கே ஒருவரும் நிற்கவில்லை என்றுதான் தெரிகிறது. 'ஆர் சொன்னது?' என்று கேட்கிறார். நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கட்டுரை திரும்பி வந்தபோது பக்க ஓரம் முழுக்க ஒரே குறிப்பு: 'பை ஹூம்?' யாரால் சொல்லப்படுகிறது, யாரால் நம்பப்படுகிறது, யாரால் கருதப்படுகிறது என்று ஒவ்வொரு இடத்திலும். பணிவாக எழுதினேன் என்று நினைத்திருந்தேன். ஆதாரத்தை ஒளித்துவைத்தவன் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. தமிழில் தயக்கம் வாக்கியத்தின் வாலில் வரும். 'பாடும் மீன்களால் மட்டக்களப்பு உலகப் புகழ் பெற்றது எனலாம்' என்று எழுதினால், 'எனலாம்' வருகிறபோது புகழ் காதில் விழுந்து முடிந்துவிட்டது. அந்த 'எனலாம்' பாதிப் பேர் காதில் விழுவதேயில்லை. ஓசைக்காகப் போடுகிறவர்களும் உண்டு. ஆங்கிலத்தில் அது படலையிலேயே நிற்கிறது. 'இட் குட் பி ஆர்கியூட் தட்' என்ற ஐந்து சொற்களைத் தாண்டித்தான் வாசகர் உள்ளே வரவேண்டும். அந்த ஐந்து சொல்லிலேயே அவர் மனம் எச்சரிக்கையாகிவிடும். ஆகவே தமிழில் 'எனலாம்' போடுகிற கையோடு ஆங்கிலத்தில் இதைப் போடக் கூடாது. இரண்டின் எடையும் வேறு.

சரி, இதைப் படித்தால் ஆங்கிலம் தெரிந்தவருக்கு என்ன தோன்றும்?

பெரும்பாலும் 'அடுத்த வாக்கியத்தில் ஒரு ஆனால் வரப்போகிறது' என்று தோன்றும். 'இப்படியும் வாதிடலாம்' என்று ஒருவர் தொடங்கினால், அந்த வாதத்தைக் கொஞ்ச நேரம் மேசையில் வைத்துவிட்டு, பிறகு தள்ளப்போகிறார் என்பது எதிர்பார்ப்பு. 'சம் மே ஆர்கியூ தட்', அதாவது 'சிலர் வாதிடக்கூடும்', என்றால் அந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடும். 'ஹவெவர்' என்று அடுத்த வரி தொடங்குவதற்கு வாசகர் காத்திருப்பார்.

நம் பிள்ளைகள் தங்கள் சொந்தக் கருத்தையே இப்படித் தொடங்கிவிட்டு, ஹவெவரும் இல்லாமல், முடிவும் இல்லாமல் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். வாசகர் படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். இது உங்கள் கருத்தா, எதிராளியின் கருத்தா என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

இந்தத் தொடரால் தொடங்கினால் இரண்டு கடன் ஏற்படுகிறது. இப்படி வாதிடக் காரணம் என்ன என்று சொல்லவேண்டும். அதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் சொல்லவேண்டும்.

கேன், குட், மே, மைட். இதில் எதைப் போடுவது?

'கேன்' போட்டால் வாதம் கையில் தயாராக இருக்கிறது என்ற தொனி. 'குட்', 'மைட்' கொஞ்சம் தள்ளி நிற்கும். இவை இரண்டுக்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் பார்க்கவேண்டாம். 'மே' நடுவில். தமிழில் 'லாம்' ஒன்றே இத்தனை வேலையையும் செய்கிறது. 'போகலாம்' என்றால் அனுமதியும்தான், சாத்தியமும்தான், 'வா, போவோம்' என்ற அழைப்பும்தான். அதனால் நமக்கு இந்த நுணுக்கம் உடனே பிடிபடாது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

'ஆர்கியுவப்ளி' என்ற ஒற்றைச் சொல் போதாதா?

சில இடங்களில் போதும். ஆனால் அது ஒரு பக்கம் சாய்ந்த சொல். 'ஆர்கியுவப்ளி த பெஸ்ட்' என்றால் 'சிறந்தது என்று சொல்ல இடமுண்டு, நானும் அந்தப் பக்கம்தான்' என்று பொருள். 'ஆர்கியுவபிள்' என்று பெயரடையாக வந்தால் கதை மாறும்: 'இட் இஸ் ஆர்கியுவபிள் தட்' என்பது ஆதரவு, 'இட் இஸ் ஆர்கியுவபிள் வெதர்' என்பது சந்தேகம். பின்னால் வருகிற சின்னச் சொல்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

நல்ல ஹெட்ஜ் எப்படி இருக்கும்? நம் ஊர் உதாரணம் ஒன்று தரமுடியுமா?

வாவியில் பாடுவது எது? கல்லடிப் பாலத்தடியில் வளர்ந்த எவரும் இதைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முழுநிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் கேட்கும் என்பார்கள். மீன் என்பார் ஒருவர், ஊரி, அதாவது ஓட்டுக்குள் வாழ்கிற நத்தை மாதிரியான உயிர், என்பார் இன்னொருவர்.

பிரித்தானிய ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டம்பரில் இங்கே வந்தபோது, இரவில் வாவியில் போய் அந்த ஒலியைக் கேட்டார். நனைத்த விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய அதிர்வு என்று எழுதினார். அப்புறம் அவர் செய்ததுதான் நமக்குப் பாடம். ஒலி தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிறது என்பதை உறுதியாகச் சொன்னார், ஏனென்றால் தன் காதாலேயே கேட்டார். படகு நகர நகர ஒலி இடத்துக்கு இடம் மாறியது, சில வேளை கேட்காமலே போய், பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடி கேட்டது. இதிலிருந்து ஒலி எழுப்புவது எதுவானாலும் அது இடம்பெயராமல் இருப்பதாகத் தோன்றுகிறது என்று ஒரு படி இறங்கிச் சொன்னார். அது மீன் என்பதைவிட ஊரி என்று ஊர்மக்கள் சொல்வதோடு பொருந்துகிறது என்று இன்னொரு படி இறங்கினார். மூன்று வகை ஆதாரம், மூன்று வகைக் குரல்.

இதையே நம் பிள்ளை ஒருவர் எழுதினால் 'இட் குட் பி ஆர்கியூட் தட் ஃபிஷ் சிங் இன் த லகூன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். கேட்டதா, கேள்விப்பட்டதா, ஊகித்ததா என்பது எல்லாம் அந்த ஐந்து சொல்லுக்குள் கரைந்துபோகும்.

பேச்சில் இதை நாம் சரியாகத்தான் செய்கிறோம். வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகிறவரிடம் மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள். வானம் இருண்டிருந்தால் 'வரும்போல இரிக்கு' என்பார். வானொலியில் கேட்டிருந்தால் 'வருமாம்' என்பார். இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொல்லமாட்டார். முதலாவதற்கு ஆங்கிலத்தில் 'இட் சீம்ஸ்', 'இட் அப்பியர்ஸ்'. இரண்டாவதற்கு 'அக்கார்டிங் டு' என்று போட்டு யார் சொன்னார் என்ற பெயர்.

விஞ்ஞானக் கட்டுரையில் இப்படித் தயங்கினால் ஆய்வு பலவீனமாகத் தெரியாதா?

மாறாக, 'ப்ரூவ்ஸ்', நிரூபிக்கிறது, என்று எழுதினால்தான் மதிப்பீட்டாளர் புருவத்தை உயர்த்துவார். டிஎன்ஏயின் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953இல் நேச்சர் இதழில் வெளியிட்டபோது, 'ஒரு அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம்' என்ற பொருளில் 'வி விஷ் டு சஜெஸ்ட்' என்றுதான் தொடங்கினார்கள். அவ்வளவு பெரிய விஷயத்துக்கு அவ்வளவு அடக்கமான வாசல்.

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. 2004 சுனாமிக்குப் பிறகு கண்டல் காடுகள் ஊர்களைக் காப்பாற்றினவா என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டின் கடலூர்க் கரையை வைத்து 2005இல் வந்த ஆய்வுகள், மரங்கள் இருந்த இடங்களில் சேதம் குறைவு என்று காட்டின. அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அவற்றில் ஒன்றின் தரவை மறுபடி எடுத்துப் பார்த்து, கடலிலிருந்து உள்ள தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள். கிழக்குக் கரையைப் பற்றி ஆய்வேடு எழுதுகிற ஒரு தங்கச்சி 'மேன்குரோவ்ஸ் சேவ்ட் த வில்லேஜஸ்' என்று எழுதிக் கொண்டுவந்தார். 'மே ஹேவ் ரிடியூஸ்ட் த டேமேஜ்', சேதத்தைக் குறைத்திருக்கக்கூடும், என்று மாற்றினோம். அதோடு நிறுத்தாமல் தூரம், உயரம் பற்றிய மறுப்பையும் அடுத்த வரியிலேயே சேர்த்தோம். அப்போதுதான் அந்த 'மே'க்கு ஒரு காரணம் வந்தது.

ஐஈஎல்டிஎஸ்ஸில் இந்தத் தொடர்களைப் போட்டால் புள்ளி கூடும் என்று ரியூசனில் சொன்னார்களே?

எனக்கு எரிச்சல் வருகிற கேள்வி இது. உங்கள்மேல் இல்லை. எழுத்துத் தேர்வின் இரண்டாவது பணிக்கு 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுதவேண்டும். நாலு பந்தியையும் இந்த ஐந்து சொல்லால் தொடங்கினால் இருபது சொல் ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. மதிப்பிடும் நாலு அளவுகோல்களில் முதலாவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னீர்களா என்பது. 'நீங்கள் எவ்வளவு தூரம் உடன்படுகிறீர்கள்?' என்று கேட்கிற கேள்விக்கு 'இப்படியும் வாதிடலாம், அப்படியும் வாதிடலாம்' என்று எழுதிவிட்டு வந்தால் உங்கள் நிலைப்பாட்டைத் தேர்வாளர் எங்கே போய்த் தேடுவார்? மனப்பாடம் செய்த தொடக்கங்கள் அவர்களுக்கு வாசனையிலேயே தெரியும்.

இரண்டு பக்கத்தையும் பேசச் சொன்ன கேள்வியில், மறுபக்கத்தை அறிமுகப்படுத்த ஒரு தடவை போடுங்கள். உங்கள் பக்கத்தை நேராகச் சொல்லுங்கள்.

'ஐ' என்று எழுதக்கூடாது என்று பள்ளியில் சொல்லித்தந்தார்கள். பிறகு என் கருத்தை எப்படிச் சொல்வது?

அந்த விதியால்தான் பாதிப் பேர் இந்தத் தொடருக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். இன்று பல துறைகளில் 'ஐ ஆர்கியூ தட்', 'ஐ வுட் ஆர்கியூ தட்' என்பது சாதாரணம். சமூகவியல், இலக்கியத் துறைகளில் அதை விரும்புகிறவர்களே அதிகம். உங்கள் துறையில் வேண்டாம் என்றால் 'திஸ் எஸ்ஸே ஆர்கியூஸ் தட்' என்று கட்டுரையையே பேசவிடுங்கள். யார் வாதிடுகிறார் என்பது எப்படியாவது தெரியவேண்டும். விரிவுரையாளர் ஒரு வழி சொல்லியிருந்தால் அவர் வழியே போங்கள். புள்ளி போடப்போகிறவர் அவர், நான் இல்லை.

சட்டம் படிக்கிறேன். 'இட் இஸ் சப்மிட்டட் தட்' என்பதும் இதே வகையா?

பார்க்க ஒரே மாதிரித்தான், வேலை வேறு. ஆங்கிலச் சட்ட மரபில் வழக்கறிஞர் தன் சொந்த அபிப்பிராயத்தை நீதிமன்றத்தில் வைப்பதில்லை. கட்சிக்காரருக்காக ஒரு வாதத்தைச் சமர்ப்பிக்கிறார். ஆகவே அது தயக்கம் இல்லை, அது அவருடைய இடத்தைக் காட்டுகிற சொல். அந்தத் தொடருக்குப் பின்னால் வருகிற கருத்து முழுக்க உறுதியாகவே இருக்கும். மற்றப் பாடங்களில் இதைப் போட்டால் விநோதமாக இருக்கும்.

தொண்டு நிறுவன அறிக்கையில் எவ்வளவு தயங்கலாம்?

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் ஒரு நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக்கொடுத்தேன். கரையோரக் கிணறுகளைப் பற்றி, 'இட் இஸ் பிலீவ்ட் தட்', தண்ணீர் உப்பாகிவிட்டதாக நம்பப்படுகிறது, என்று எழுதினேன். பணம் தருகிறவர்களிடமிருந்து ஒரே வரிக் கேள்வி வந்தது: நம்புகிறவர் யார், அளந்து பார்த்தீர்களா? வெட்கக்கேடு என்னவென்றால் அளந்திருந்தோம். களத்துக்குப் போன தம்பி கிணறு கிணறாக அளந்து கொப்பியில் எழுதி வைத்திருந்தார், கொப்பி என் மேசையிலேயே இருந்தது. 'நம்பப்படுகிறது' என்பது அழகான நடை என்று நினைத்து, கையில் இருந்த எண்களை விட்டுவிட்டு வதந்தியாக எழுதிவைத்தேன்.

அளந்தது இருந்தால் எண்ணை எழுதுங்கள். நாற்பது வீட்டில் கேட்டிருந்தால் நாற்பது வீட்டில் கேட்டோம் என்று எழுதி, அதற்கு மேல் ஊர் முழுக்கச் சொல்லவேண்டியிருந்தால் அங்கே மட்டும் 'சஜெஸ்ட்ஸ்' போடுங்கள்.

தயக்கமே தேவையில்லாத இடங்கள்?

விபுலானந்த அடிகள் 1892இல் காரைதீவில் பிறந்தார். இதற்கு 'இட் இஸ் செட் தட்' போட்டு ஒருவர் எழுதியிருந்தார்! அவர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானதும் இப்படித்தான். பதிவில் உள்ள விஷயம், நேராக எழுதலாம். அவருடைய இசை ஆய்வு தமிழிசை வரலாற்றைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது என்று எழுதினால், அது ஒரு மதிப்பீடு. அங்கே 'ஆர்கியுவப்ளி' வரலாம், வந்தால் பின்னால் காரணமும் வரவேண்டும்.

ஒரு வாக்கியத்தில் எத்தனை போடலாம்?

ஒன்று. 'இட் மே பெர்ஹாப்ஸ் பி பொசிபிள் தட் இட் சீம்ஸ்' என்று நாலு பூட்டுப் போட்ட வாக்கியங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியவருக்கே உள்ளே என்ன வைத்தோம் என்று தெரியவில்லை.

ஏற்கெனவே எழுதிவிட்ட கட்டுரையை எப்படித் திருத்துவது? நாளைக்கு ஒப்படைக்கவேண்டும்.

அந்த ஐந்து சொல்லை விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள். மிச்சம் பதிவில் உள்ள உண்மையா? அப்படியானால் ஐந்தையும் வெட்டுங்கள். உங்கள் சொந்தக் கருத்தா? 'ஐ வுட் ஆர்கியூ' போட்டு, 'பிகோஸ்' என்று தொடர முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் வாக்கியம் இன்னும் பழுக்கவில்லை. வேறொருவர் சொன்னதா? அவர் பெயரையும் வருடத்தையும் போடுங்கள். யாரும் சொல்லவில்லை, நீங்களும் நம்பவில்லை, ஆனால் மறுக்கவேண்டிய வாதம் என்றால் மட்டும் விரலை எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். அடுத்த வரி 'ஹவெவர்' என்று தொடங்கட்டும்.

இப்படி ஒரு தடவை செய்த தம்பி ஒருவர், ஒன்பது இடத்தில் ஏழு போய்விட்டது, இப்போது சொற்தொகை போதவில்லை, என்ன செய்வது என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார். மிச்சம் இருக்கிற இரண்டுக்கும் காரணம் எழுதச் சொன்னேன்.